சிறிய விமானங்களின் வால் டிரிம்: பழுதுகளும் சோதனைகளும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய விமானம் ஓட்டுபவர்களும் வாங்க நினைப்பவர்களும் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்தவர்களும் வால் டிரிம் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் விமானத்தின் பராமரிப்பு கையேட்டுக்கு இது மாற்று அல்ல. அளவுகளுக்கும் எல்லைகளுக்கும் அந்தக் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

டிரிம் டேப் என்பது என்ன? கை வலிக்காமல் ஓட்ட உதவும் வசதிதானே அது?

வாலின் கிடைமட்டப் பகுதியில் மேலும் கீழும் அசைந்து மூக்கை உயர்த்தித் தாழ்த்தும் பலகைதான் எலிவேட்டர். அதன் பின் விளிம்பில் கீலால் மாட்டப்பட்ட சிறு தகடுதான் டிரிம் டேப். காக்பிட்டில் டிரிம் வீலைச் சுற்றினால் கேபிள், செயின், ஆக்சுவேட்டர் (சுற்றலை முன்பின் அசைவாக மாற்றும் மரைக் கருவி), புஷ் ராட் (தகட்டைத் தள்ளி இழுக்கும் தண்டு) வழியாக அந்தத் தகடு அசையும். டேப் கீழே இறங்கினால் காற்று அதைத் தள்ளி எலிவேட்டரை மேலே தூக்கும், விமானத்தின் மூக்கு உயரும். டேப் மேலே போனால் மூக்கு தாழும். பைலட் கையை எடுத்த பிறகும் விமானம் அதே வேகத்தில் நேராகப் போவது இதனால்தான்.

வசதிக்காகத்தான் வைத்தார்கள். ஆனால் பழுதானால் அது வெறும் வசதிக்குறைவோடு நிற்பதில்லை. டேப் ஓரமாகப் போய் இறுகிக்கொண்டால், அதை எதிர்த்துப் பிடிக்க வேண்டிய பலம் வேகத்தோடு ஏறிக்கொண்டே போகும். சில நிமிடங்களில் கை சோர்ந்துவிடும். டேப் கழன்று ஆடத் தொடங்கினாலோ, எலிவேட்டரையே பிய்த்துக்கொண்டு போகும் அளவுக்கு அதிர்வு வரலாம். உள்ளங்கை அகலத் தகடு என்று அதை இளக்காரமாகப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும்.

எல்லாச் சிறிய விமானங்களிலும் ஒரே அமைப்புதானா?

இல்லை. எதைச் சோதிக்க வேண்டும் என்பதே அமைப்பைப் பொறுத்து மாறும். செஸ்னா 172-இல் வலது எலிவேட்டரில் தனி டிரிம் டேப் இருக்கிறது. பைப்பர் செரோக்கியில் தனி எலிவேட்டரே கிடையாது. கிடைமட்ட வால் முழுவதும் ஒரே துண்டாக அசையும். அதன் பின்னால் இருக்கும் டேப் டிரிம் வேலையையும் செய்கிறது, கன்ட்ரோலுக்கு ஒரு கனத்தையும் கொடுக்கிறது. பைப்பர் கப், செஸ்னா 180, 185 போன்றவற்றில் டேப்புக்குப் பதிலாக ஸ்டெபிலைசரின், அதாவது எலிவேட்டருக்கு முன்னால் உள்ள கிடைமட்ட வாலின், கோணத்தையே ஜாக் ஸ்க்ரூ என்ற மரைத் தண்டு மாற்றும். மூனி விமானங்களில் வால் பகுதி மொத்தமும் சாயும்.

டேப் உள்ள விமானத்தில் கீலும் புஷ் ராடும் முதலில் கண்ணில் பட வேண்டும். ஸ்டெபிலைசர் அசையும் விமானத்தில் ஜாக் ஸ்க்ரூதான் உயிர்நாடி.

பழுது பெரும்பாலும் எங்கே வருகிறது?

மூட்டுகளில். கீலின் கம்பி தேயும். புஷ் ராடின் இரு முனைகளிலும் போல்ட் துளை முட்டை வடிவத்துக்குப் பெரிதாகும். ஆக்சுவேட்டரின் மரை தேயும். கேபிள் புல்லியில் உரசி இழை இழையாக அறும். டேப்புக்குள் தண்ணீர் தேங்கித் துரு பிடிக்கும். சில பழைய டேப்புகளின் உள்ளே ஃபோம் நிரப்பியிருப்பார்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தகட்டை உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு ஒரே மாதிரி ஒலிக்கும். அரித்த இடத்தில் ஒலி மாறும், பெயின்ட் சிறு கொப்புளமாக எழும்பியிருக்கும்.

இவற்றை எல்லாம் விட எனக்குப் பயம் தருவது, மாட்ட மறந்த அல்லது கழன்று விழுந்த ஒரு சின்ன உதிரி. ஒரு பயிற்சி விமானத்தைச் சோதித்தபோது புஷ் ராட் போல்ட்டின் நட்டை விரலாலேயே சுற்ற முடிந்தது. நட் கழலாமல் குறுக்கே மாட்டி வளைக்கும் கம்பியான காட்டர் பின் இருக்க வேண்டிய துளை காலியாக இருந்தது. அன்று காலை வரை அந்த விமானம் மாணவர்களோடு பறந்துகொண்டிருந்தது.

சுழலும் மூட்டில் உள்ள போல்ட்டுக்குத் தானாக இறுகும் நட் மட்டும் போதாது. தலையில் பள்ளங்கள் வெட்டிய கோட்டை நட்டும் காட்டர் பின்னும் வேண்டும் என்பது விமானப் பராமரிப்பின் பழைய விதி. மூட்டு அசைய அசைய போல்ட்டும் கூடவே திரும்பும், நட் மெதுவாகக் கழலும். கழற்றிய காட்டர் பின்னை மறுபடி மாட்டக் கூடாது. வளைத்து நிமிர்த்திய கம்பி எங்கே ஒடியும் என்று சொல்ல முடியாது.

ஒரு போல்ட் விழுந்தால் டேப் சும்மா தொங்கும், அவ்வளவுதானே?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். செஸ்னாவின் 300, 400 வரிசை இரட்டை இன்ஜின் விமானங்களில் வேறொன்று நடந்தது. ஆக்சுவேட்டரையும் புஷ் ராடையும் இணைக்கும் போல்ட் விழுந்த பிறகு, புஷ் ராட் எலிவேட்டரின் உள்சட்டத்தில் போய் மாட்டிக்கொள்ள முடியும். அப்போது டேப் அதன் வழக்கமான எல்லையையும் தாண்டிய கோணத்தில் இறுகிவிடும். டிரிம் வீல் என்ன சுற்றினாலும் பயனில்லை. இதனால்தான் 2016-இல் அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ அந்த இணைப்பைச் சோதிக்கச் சொல்லி, வான்தகுதி உத்தரவு எனப்படும் கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு போட்டது.

பறப்பதற்கு முன் பைலட் என்ன பார்க்க வேண்டும்?

இதற்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் காக்பிட்டில் டிரிம் வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றுங்கள். ஓரிடத்தில் இறுகுகிறதா, சொரசொரப்பு தெரிகிறதா, இடையில் வழுக்குகிறதா என்று கை சொல்லும். அப்புறம் வீலை டேக் ஆஃப் குறியில் வைத்துவிட்டு, இறங்கிப் போய் டேப்பைப் பாருங்கள். இந்த ஒரு நடையைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள். காக்பிட் முள் காட்டுவது வீல் எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே. டேப் எங்கே இருக்கிறது என்பதை டேப்தான் சொல்லும்.

வாலுக்குப் பின்னால் நின்று எலிவேட்டரை ஒரு கையால் அசையாமல் பிடியுங்கள். மறு கையின் இரண்டு விரலால் டேப்பின் பின் விளிம்பை மேலும் கீழும் மெல்ல அசையுங்கள். மெல்ல என்பதை அழுத்திச் சொல்கிறேன். பலமாகத் தள்ளினால் நீங்களே தகட்டை வளைத்துவிடுவீர்கள். 'டக் டக்' என்று சத்தம் கேட்டாலோ, போன வாரம் இல்லாத ஆட்டம் இந்த வாரம் இருந்தாலோ மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். குனிந்து புஷ் ராடின் இரு முனைகளையும் பாருங்கள்: போல்ட், நட், காட்டர் பின் மூன்றும் இருக்கின்றனவா? கீல் கம்பி ஒரு பக்கம் நகர்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? மூட்டைச் சுற்றிக் கறுப்புப் பொடி வழிந்திருந்தால் இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று அரைக்கின்றன என்று அர்த்தம்.

டேப்பின் அடியில் உள்ள வடிகால் துளைகள் அடைபட்டிருக்கக் கூடாது. உள்ளே நிற்கும் தண்ணீர் உயரத்தில் உறைந்தால் எடைச் சமநிலை கெடும். நீண்ட நாள் நின்ற விமானம் என்றால் வால் கூம்புக்குள் பறவைக் கூடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஆட்டம் எவ்வளவு வரை இருக்கலாம்?

எண்ணைக் கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்; மாடலுக்கு மாடல் அது மாறும். வேறொரு விமானத்துக்கு யாரோ சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அளக்கும் முறையை மட்டும் சொல்கிறேன். எலிவேட்டரை அசையாமல் கட்டிவிட்டு, டேப்பின் பின் விளிம்பில், மிகச் சிறு அசைவையும் அளக்கும் டயல் கேஜை வைத்து, கையேடு சொல்லும் அளவு விசையோடு மேலும் கீழும் தள்ளி மொத்த அசைவைக் குறிக்க வேண்டும். அளவு எல்லையைத் தாண்டினால் அடுத்த வேலை ஆட்டம் எந்த மூட்டிலிருந்து வருகிறது என்று தேடுவது. இதற்கு விரலே நல்ல கருவி. மூட்டின் இரண்டு துண்டுகளையும் தொடும்படி ஒரு விரலை வைத்துக்கொண்டு, வேறொருவரை டேப்பை அசைக்கச் சொல்லுங்கள். தேய்ந்த மூட்டில் இரண்டு துண்டும் தனித்தனியாக அசைவது விரலுக்கு உடனே தெரியும்.

டேப்பைத் தள்ளினால் டிரிம் வீல் சுற்றக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். வீலிலிருந்து டேப்புக்கு அசைவு போகலாம், டேப்பிலிருந்து வீலுக்குத் திரும்பி வரக் கூடாது. ஆக்சுவேட்டரின் மரைதான் அந்தப் பூட்டு. அதனால் கேபிள் தொய்வை டேப் ஆட்டத்துக்குக் காரணமாகச் சொல்லி, கேபிளை மட்டும் இறுக்கி அனுப்புவது தவறான வைத்தியம்.

ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்?

ஃப்ளட்டர் என்ற நிலைக்குத்தான் பயம். காற்றில் கொடி படபடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தளர்ந்த டேப்பும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அப்படித் துடிக்கத் தொடங்கும். ஒவ்வொரு துடிப்பிலும் காற்றிலிருந்து இன்னும் சக்தியை எடுத்துக்கொள்ளும். துடிப்பு தொடங்கி உலோகம் ஒடிவதற்குள் பைலட்டுக்கு யோசிக்கவே நேரம் இருக்காது.

2011 செப்டம்பர் 16 அன்று நெவாடாவின் ரீனோ விமானப் பந்தயத்தில் இதுதான் நடந்தது. பி-51டி ரகப் பந்தய விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறந்துகொண்டிருந்தபோது எலிவேட்டர் டிரிம் டேப் ஃப்ளட்டருக்குப் போய் உடைந்தது. மூக்கு சட்டென்று செங்குத்தாக எழும்பியதில் பைலட் செயலிழந்தார், விமானம் பார்வையாளர்கள் பகுதியில் விழுந்தது. பைலட்டும் தரையில் இருந்த 10 பேரும் இறந்தனர். அமெரிக்க விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி கண்டுபிடித்த மூல காரணம், டேப்பை மாட்டும் ஸ்க்ரூக்களின் பூட்டு நட்டுகளுக்குள் இருந்த பழைய வளையம் சிதைந்திருந்ததுதான். பிடிப்பு போனது, ஸ்க்ரூ தளர்ந்தது, ஒரு ஸ்க்ரூவில், திரும்பத் திரும்ப விசை தாங்கிய உலோகத்தில் வரும் களைப்பு விரிசல் விழுந்தது. விமானத்தில் செய்திருந்த மாற்றங்களை முறையாகப் பதிவு செய்து சோதிக்காததும் விசாரணையில் வெளிவந்தது.

உங்கள் விமானம் அந்த வேகத்தில் போகாது, சரி. ஆனால் ஃப்ளட்டர் தொடங்கும் வேகம் எல்லா விமானங்களுக்கும் ஒன்றல்ல. மூட்டு தளரத் தளர அந்த வேகம் கீழே இறங்கி வரும். பூட்டு நட்டை விரலால் கடைசி வரை சுற்ற முடிந்தால், அதைக் குப்பையில் போட வேண்டும்.

ஸ்டெபிலைசர் அசையும் விமானங்களில் ஜாக் ஸ்க்ரூவில் என்ன பார்க்கிறார்கள்?

2022 செப்டம்பர் 4 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் விட்பி தீவருகே டிஎச்சி-3 ஆட்டர் மிதவை விமானம் ஒன்று கடலில் விழுந்து, அதிலிருந்த 10 பேரும் இறந்தனர். கடலடியிலிருந்து எடுத்த பாகங்களில் ஸ்டெபிலைசர் ஆக்சுவேட்டர் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஆனால் மரைகள் சேதமில்லாமல் இருந்தன. அதாவது அது உடையவில்லை, பறந்துகொண்டிருந்தபோதே திருகிக் கழன்றிருக்கிறது. ஆக்சுவேட்டரைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப் நட் கழலாமல் தடுக்க ஒரு கம்பி வளையம் இருக்க வேண்டும், அந்தப் பூட்டு வளையம் அங்கே இல்லை. அதே ஆண்டு நவம்பரில் எஃப்ஏஏ அவசர உத்தரவு போட்டு, எல்லா ஆட்டர்களிலும் அந்த வளையம் இருக்கிறதா, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது.

அந்தச் சோதனை எவ்வளவு எளிது என்று எண்ணிப் பாருங்கள். மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, வளையத்தைக் கண்ணால் பார்ப்பது. சோதனைப் பட்டியலில் 'ஆக்சுவேட்டர் சரி' என்று ஒரு டிக் போடுவதற்கும் 'வளையம் பார்த்தேன், பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது' என்று எழுதுவதற்கும் இடையில் 10 உயிர்கள் இருந்தன.

அடுத்தது கிரீஸ். பெரிய விமானம்தான் என்றாலும் அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261-ஐச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2000 ஜனவரி 31 அன்று, போதிய கிரீஸ் இல்லாமல் ஜாக் ஸ்க்ரூ நட்டின் மரை முழுவதும் தேய்ந்து, அந்த எம்டி-83 கடலில் விழுந்தது. 88 பேர் இறந்தனர். உங்கள் விமானத்திலும் பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். துடைத்த துணியைத் தூக்கி எறிவதற்கு முன் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். அதில் மினுமினுக்கும் துகள் இருந்தால் மரை தேய்கிறது. கையேடு சொல்லும் கிரீஸைத்தான் போட வேண்டும். இரண்டு வகையைக் கலந்தால் சில சமயம் இரண்டுமே கெடும்.

கேபிளை எப்படிச் சோதிப்பது?

கேபிளின் நீளம் முழுக்கத் துணியை வைத்து வருடிக்கொண்டே போக வேண்டும். அறுந்த இழை துணியில் சிக்கும். வெறும் கையால் செய்யாதீர்கள், இழை சதையைக் கிழித்துவிடும். புல்லிமேல் உட்காரும் இடமும், கேபிள் துளை வழியாக நுழையும் இடமும்தான் அதிகம் தேயும். வீலை ஒரு கோடிக்குச் சுற்றினால்தான் புல்லிக்குள் ஒளிந்திருக்கும் பகுதி வெளியே வரும். புல்லி சுற்றாமல் இறுகியிருந்தால் கேபிள் அதன்மேல் வழுக்கி ஒரு பக்கம் தட்டையாகத் தேய்த்திருக்கும். கேபிள் இழுவிசையை டென்ஷன் மீட்டரால் அளந்து, அன்றைய வெப்பநிலைக்குரிய எண்ணோடு ஒப்பிட வேண்டும். கேபிளை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளில் பூட்டுக் கம்பி இருக்க வேண்டும். முனைக்கு மூன்று மரைக்கு மேல் வெளியே தெரியக் கூடாது.

கேபிளை மாற்றினார்கள். வீல் நன்றாகச் சுற்றுகிறது, டேப்பும் அசைகிறது. போதுமா?

போதாது. எந்தத் திசையில் அசைகிறது?

2003 ஆகஸ்ட் 26 அன்று மாசசூசெட்ஸின் ஹையானிஸிலிருந்து கிளம்பிய பீச்கிராஃப்ட் 1900டி விமானத்தில் அதற்குச் சற்று முன்புதான் எலிவேட்டர் டிரிம் கேபிளை மாற்றியிருந்தார்கள். கேபிள் தலைகீழாக மாட்டப்பட்டது. பைலட் மூக்கை உயர்த்தச் சுற்றினால் டேப் மூக்கைத் தாழ்த்தியது. கிளம்பிய சிறிது நேரத்தில் விமானம் கடலில் விழுந்தது, இரண்டு பைலட்டுகளும் இறந்தனர். கையேட்டில் டிரிம் டிரம்மின் படமே தவறாக இருந்தது என்பதும், வேலைக்குப் பிந்தைய இயக்கச் சோதனை போதுமானதாக இல்லை என்பதும், பறக்கும் முன் பைலட்டுகள் செய்ய வேண்டிய சோதனை விடுபட்டது என்பதும் விசாரணையில் தெரிந்தன. இவற்றில் எந்த ஒரு சோதனை சரியாக நடந்திருந்தாலும் அந்த விமானம் தரையை விட்டுக் கிளம்பியிருக்காது.

அதனால் திசைச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காக்பிட்டில் 'மூக்கு மேலே' என்று சத்தமாகச் சொல்லி வீலைச் சுற்ற வேண்டும். வால் பக்கம் நிற்பவர் 'சரி' என்று மட்டும் சொல்லக் கூடாது, 'டேப் கீழே' என்று தான் கண்டதைச் சொல்ல வேண்டும். அப்புறம் கோணமானியை வைத்து இரண்டு கோடிகளையும் அளக்க வேண்டும். கன்ட்ரோலில் வேலை நடந்தால், வேலை செய்யாத இரண்டாவது ஆள் தனியாகச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. சட்டம் கேட்காத இடத்திலும் அதைச் செய்யுங்கள். தான் செய்த தவறைத் தன் கண்ணாலேயே கண்டுபிடிப்பது யாருக்கும் கடினம்.

எலெக்ட்ரிக் டிரிம் இருந்தால்?

மோட்டார், கிளட்ச், சுவிட்ச் மூன்றும் கூடுதலாகச் சோதனைக்கு வரும். யோக்கில் (பைலட் கையால் பிடிக்கும் கன்ட்ரோலில்) உள்ள சுவிட்ச் பல விமானங்களில் இரண்டு பாதியாக இருக்கும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மோட்டார் ஓட வேண்டும். ஒரு பாதியை மட்டும் அழுத்திப் பாருங்கள். ஓடினால் பழுது. மோட்டார் ஓடும்போது வீலைக் கையால் பிடித்து நிறுத்த முடிகிறதா, துண்டிக்கும் பொத்தான் வேலை செய்கிறதா, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தும் டிரிம் பிரேக்கர் எங்கே இருக்கிறது என்று கை பழகியிருக்கிறதா என்பதையும் தரையிலேயே பார்த்துவிடுங்கள்.

வாலுக்குப் புது பெயின்ட் அடித்தால் சோதனை தேவையா?

ஆம். பெயின்ட்டுக்கும் எடை உண்டு, கீலுக்குப் பின்னால் ஏறும் எடை ஃப்ளட்டரை அருகில் கொண்டுவரும். எலிவேட்டரைக் கழற்றிச் சமநிலை பார்த்துத்தான் மாட்ட வேண்டும். கீலுக்குள் பெயின்ட் போய் இறுகியிருக்கிறதா, வடிகால் துளை அடைபட்டதா என்றும் பாருங்கள்.

பறக்கும்போது டிரிம் பழுதானால் என்ன செய்வது?

உங்கள் விமானத்தின் அவசரப் பட்டியல்தான் முதல் சொல். பொதுவாக: டிரிம் தானாக ஓடினால் யோக்கை உறுதியாகப் பிடியுங்கள், துண்டிக்கும் பொத்தானை அழுத்துங்கள், பிரேக்கரை இழுங்கள், பிறகு கையால் வீலைச் சுற்றித் திருத்துங்கள். மறுபடி பிரேக்கரைப் போட்டுப் பார்க்க வேண்டாம். டிரிம் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டால், எந்த வேகத்துக்கு அது பொருந்துகிறதோ அந்த வேகத்தை ஒட்டியே பறந்து, நீளமான ஓடுதளத்தில் இறங்குங்கள். இறக்கையின் பின்னால் உள்ள ஃபிளாப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள், ஏனென்றால் ஒவ்வொரு படியும் மூக்கின் போக்கை மாற்றும். யோக்கில் திடீர் அதிர்வு வந்தால் உடனே பவரைக் குறைத்து வேகத்தை இறக்குங்கள். அதிர்வு நின்றுவிட்டது என்று பயணத்தைத் தொடராதீர்கள்.

சோதனை எத்தனை நாளுக்கு ஒரு முறை?

அமெரிக்க விதிப்படி ஆண்டுச் சோதனை 12 மாதத்துக்கு ஒரு முறை. வாடகைக்கோ கட்டணப் பயிற்சிக்கோ பறப்பவற்றுக்கு 100 மணி நேரத்துக்கு ஒரு முறையும் உண்டு. மற்ற நாடுகளில் அந்தந்த விமானத் துறை ஏற்ற பராமரிப்புத் திட்டம் சொல்வதுபோல. இவை தவிர, வான்தகுதி உத்தரவு வந்தால் அது கட்டாயம். கெடு முடிந்தபின் பறப்பது சட்டவிரோதம். உற்பத்தியாளர் அனுப்பும் பராமரிப்பு அறிவிப்பான சர்வீஸ் புல்லட்டின் பல தனியார் விமானங்களுக்குக் கட்டாயமில்லை. ஆனால் டிரிம் பற்றி வந்திருந்தால் அதைக் கட்டாயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. உத்தரவுகள் பெரும்பாலும் யாராவது இறந்த பிறகுதான் வருகின்றன.

ஒரு பழுதைக் கண்டேன், சின்னதுதான். பக்கத்து விமான நிலையம் வரை பறந்து போய்ச் சரி செய்யலாமா?

வேண்டாம். மெக்கானிக்கை விமானம் இருக்கும் இடத்துக்கு வரவழையுங்கள். அவர் வரும்வரை டிரிம் வீலில் ஒரு சிவப்புப் பட்டை கட்டி, லாக் புக்கில் கண்டதைக் கண்டபடி எழுதுங்கள்: எந்த மூட்டு, எவ்வளவு ஆட்டம், எந்தப் பக்கம். படம் எடுத்து வையுங்கள். கழற்றிய உதிரியை உறையில் போட்டுத் தேதி எழுதுங்கள். பிறகு உற்பத்தியாளருக்கும் உங்கள் நாட்டு விமானத் துறைக்கும் பழுது அறிக்கை அனுப்புங்கள். அதே மாடலை இன்னும் எத்தனையோ பேர் ஓட்டுகிறார்கள், அவர்களுடைய வாலிலும் அதே நட் இருக்கும்.